இரண்டு பேர் உறுதி செய்த மரணம்

அறுபதுகளின் தொடக்கத்தில் பட்டணத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பத்திரிகையியல் டிப்ளமோ படித்தேன். கொடைக்கானல் பஜாரில் கம்பளியும் ஸ்வெட்டரும் விற்றுக்கொண்டிருந்த என் அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அந்தப் படிப்பை விளங்க வைக்க எனக்கு ஒரு முழு விடுமுறை தேவைப்பட்டது.

"பேப்பர அச்சடிக்கப் படிக்கிறியா, விக்கப் படிக்கிறியா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்லத்தா. எழுதப் படிக்கிறேன்."

"எழுதப் படிக்கத்தான் அஞ்சாப்புலயே சொல்லிக் குடுத்துட்டாங்களேப்பா."

உண்மையைச் சொன்னால், அங்கே எழுதவும் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுதுவது எப்படி என்பதற்கான கோட்பாடுகளைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் பேராசிரியர் வெளிநாட்டில் மூன்று வருடம் இருந்துவிட்டு ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கோட்பாடுகளோடு திரும்பியவர். ஒல்லியான மனிதர், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மூத்த அக்காவோடு வசித்தார். வாழ்க்கையில் ஒரு நாள்கூடப் பத்திரிகை அலுவலகத்துக்குள் கால் வைத்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை. "உள்ளே போனால் பழக்கம் வரும். பழக்கம் வந்தால் கோட்பாடு கெட்டுப்போகும்" என்பார்.

அவருடைய கோட்பாடுகளில் இரண்டு எங்களை விடாமல் துரத்தின. முதலாவது, தலைகீழ்ப் பிரமிடு. செய்தியில் மிக முக்கியமானது முதல் வரியில் வர வேண்டும். முக்கியம் குறையக் குறையக் கீழே இறங்க வேண்டும். கடைசி வரி, இடமில்லாவிட்டால் யாரும் வருந்தாமல் வெட்டி எறியக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டாவது, இரு வாய் விதி. ஒரு விஷயத்தை ஒருவர் சொன்னால் அது வதந்தி. ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால் அது செய்தி. அந்த விஷயத்தில் சம்பந்தப்பட்டவர் சொல்வது கணக்கில் சேராது.

"நாமே கண்ணால் பார்த்தால் சார்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"அது அனுபவம். டைரியில் எழுதிக்கொள்" என்றார்.

வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை, அப்படியே வாழ்ந்தார். ஒருநாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது மேற்கூரையிலிருந்து காரை பெயர்ந்து அவருடைய மேஜை மேல் விழுந்தது. நாங்கள் எழுந்து ஓடினோம். அவர் வெளியே வந்து, பியூனையும் பக்கத்து வகுப்பு விரிவுரையாளரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு உள்ளே பார்க்கச் சொன்னார். இருவரும் காரை விழுந்திருக்கிறது என்று சொன்ன பிறகுதான் தலைமுடியிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார்.

மே மாத வெயில் அவருக்கு ஆகாது. அதனால் கடைசிப் பகுதி வகுப்புகளை மலையில் நடத்த அனுமதி வாங்கி, எங்கள் எட்டுப் பேரையும் கொடைக்கானலுக்கு அழைத்து வந்தார். ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களாவின் கூடம் எங்கள் வகுப்பறை. உள்ளூர்க்காரன் என்பதால் சாப்பாடு, வெந்நீர், விறகு, வழி கேட்பது எல்லாம் என் பொறுப்பு. சிந்தனை முழுவதும் எங்கள் வகுப்பின் ஒரே பெண்ணின் பொறுப்பு. எல்லாத் தேர்விலும் அவர்தான் முதல் மதிப்பெண். பேராசிரியர் தும்மினால்கூடக் குறிப்பெடுத்துவிடுவார் என்று நாங்கள் கேலி செய்வோம். முகாமில் நடத்திய சுவர்ப் பத்திரிகைக்கு அவரே ஆசிரியர், நான் நிருபர்.

வந்த நான்காம் நாள் காலையில் பேராசிரியர் கருப்புக் குடையும் வெள்ளைத் தொப்பியுமாக வட்டக்கானல் பக்கம் நடக்கப் போனார். காலைப் பலகாரத்துக்கு வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. வெளியே மூடுபனி, ஏரி இருக்கிற இடமே தெரியவில்லை. ஆசிரியர் அம்மாள் (அந்தப் பெண்ணை அப்படித்தான் கூப்பிட்டோம்) என்னைப் பார்த்து, "நிருபர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்" என்றார்.

வட்டக்கானல் அப்போது நாலைந்து பங்களாக்களும் சில குடிசைகளும்தான். பாதையில் புல்லுக்கட்டோடு ஓர் அம்மாள் ஏறி வந்துகொண்டிருந்தார்.

"அக்கா, குடை வெச்சிருந்த ஒரு ஐயா இந்தப் பக்கம் வந்தாருங்களா?"

"கருப்புக் கொடைதான? வெள்ளனே அந்தா அந்தப் பாறை மேல இருந்து பறந்து போச்சு தம்பி. பருந்து கணக்கா."

"ஐயா?"

"அவர நான் எங்க பாத்தேன்? ஒண்ணும் தெரியல, அம்புட்டு மஞ்சு. 'அய்யய்யோ'ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அம்புட்டுத்தான். பெறகு சத்தமே இல்ல."

"விழுந்திருப்பாரோ?"

"கொடை விழுந்தா அதப் பிடிச்ச ஆளு எங்க போவாரு?" என்று சொல்லிவிட்டுக் கட்டைத் தலையில் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

பாறைக்குக் கீழே ஒரு பங்களாத் தோட்டம் உண்டு. சுற்றி இறங்கிப் போனேன். தோட்டக்காரர் பேரிக்காய் மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். உச்சாணிக் கிளையில் பேராசிரியரின் வெள்ளைத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தது.

"காலைல இருந்து கெடக்கு தம்பி. தொரட்டி எட்டல."

"அண்ணே, இதுக்குச் சொந்தக்காரரப் பாத்தீங்களா?"

"தொப்பி தன்னால வருமா? தலையோடதான வரும்? தலை இங்க நிக்கலன்னா, அதுக்கும் கீழ போயிருச்சுன்னு அர்த்தம்." பள்ளத்தைக் கையால் காட்டினார். அங்கே வெள்ளையாகப் பனியைத் தவிர ஒன்றும் இல்லை.

தொப்பியை இருவருமாக இறக்கினோம். அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நான் அழுதுகொண்டே பங்களாவுக்கு ஓடி வந்தேன். எல்லோரும் அழுதார்கள். ஆசிரியர் அம்மாளும் அழுதார். அழுதுகொண்டே நோட்டைத் திறந்தார்.

"இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பேசியிருக்க வாய்ப்பு உண்டா?"

நான் அதையும் விசாரித்திருந்தேன். புல்லுக்கட்டு அம்மாளின் ஆடு தோட்டக்காரரின் முட்டைக்கோஸை மேய்ந்துவிட்டதில் இருவருக்கும் சண்டை. நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"நான்கு வருடம்!" என்றார் ஆசிரியர் அம்மாள். அந்தக் கண்ணீருக்கு நடுவிலும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். இவ்வளவு சுத்தமான இரண்டு வாய்கள் எங்களுக்கு அதற்கு முன்பு கிடைத்ததே இல்லை.

போலீசில் போய்ச் சொன்னோம். அன்றும் மறுநாளும் கான்ஸ்டபிள்கள் கயிறு கட்டிப் பள்ளத்தில் இறங்கிப் பார்த்தார்கள். குடை கிடைத்தது, கம்பிகள் முறிந்து. ஆள் கிடைக்கவில்லை. "மஞ்சு வெலகாம ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் ஏட்டு. "போலீஸ் மறுக்கவில்லை" என்று எழுதிக்கொண்டார் ஆசிரியர் அம்மாள்.

அத்தா கடையை அடைத்துவிட்டு எங்களுக்குத் தேநீரும் ரொட்டியும் கொண்டு வந்தார். நான் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"என்னப்பா எழுதுற?"

"சாரோட மரணச் செய்தி."

"மையத்தப் பாத்தியா?"

"இல்லத்தா, உடம்பு கெடைக்கல. ஆனா ரெண்டு பேர் சொல்லிட்டாங்க."

"நான் சொல்றேன், அந்த மனுசன் எங்கயாவது வழி தப்பிப் போயிருப்பாரு. பொறுத்து எழுது. என்ன அவசரம்?"

"நீங்க ஒரு ஆளுத்தா. இன்னொருத்தர் சொல்லணும்" என்றேன். அத்தா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. தேநீர்க் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

அவர் காணாமல் போன இரண்டாம் நாள் சாயங்காலம் எழுதி முடித்தேன். அதுதான் அச்சில் வந்த என் முதல் எழுத்து. முதல் வரி இப்படி: 'பல்கலைக்கழகப் பத்திரிகையியல் பேராசிரியர் நேற்றுக் காலை வட்டக்கானல் அருகே பாறையிலிருந்து தவறி விழுந்து காலமானார் என்று ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு வட்டாரங்கள் உறுதி செய்கின்றன.' யார், என்ன, எங்கே, எப்போது, எப்படி, எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. பிறகு குடை, தொப்பி, போலீஸ். பிறகு அவருடைய வெளிநாட்டுப் படிப்பு. கடைசி வரி: 'அன்னாருக்கு ஒரு தமக்கை உண்டு.' ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அழுது அழுது மூக்கு அடைத்திருந்த அந்த நேரத்திலும், முதல் வரி நன்றாக விழுந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது.

பஜாரில் மதுரைப் பத்திரிகை ஒன்றுக்கு ஏஜெண்டாக இருந்தவர் அதற்கு நிருபராகவும் இருந்தார்; யூகலிப்டஸ் தைலமும் விற்றார். தாளை வாங்கிப் படித்துவிட்டு, "அருமையா இருக்கு தம்பி, ஒரு எழுத்து மாத்த வேண்டியதில்ல" என்று அப்படியே தந்தி அடித்தார். ஆசிரியர் அம்மாள் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக ஒரு தந்தி கொடுத்தார்.

மூன்றாம் நாள் மதியம் பஸ்ஸில் பத்திரிகை வந்தது. செய்தி இருந்தது, நான்காம் பக்கத்தில், தமக்கை வரியோடு. நாங்கள் கூடத்தில் இரங்கல் கூட்டம் கூட்டினோம். படம் இல்லாததால் அவருடைய நாற்காலியில் தொப்பியை வைத்து மாலை போட்டிருந்தோம். ஆசிரியர் அம்மாள் பேசினார். நானும் இரண்டு வார்த்தை பேசினேன். பிறகு எல்லோரும் எழுந்து தலை குனிந்து மௌனமாக நின்றோம்.

அப்போது கதவு திறந்தது. தலையில் கோணிச்சாக்கை முக்காடாகக் கவிழ்த்துக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு பேராசிரியர் உள்ளே வந்தார். அவரோடு பூண்டு வாசனையும் அலை மாதிரி உள்ளே வந்தது.

நாங்கள் பார்த்தோம். யாரும் வாய் திறக்கவில்லை. மௌன அஞ்சலி முடியவில்லையே. அவரும் எங்களைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், நிலைமையைப் புரிந்துகொண்டார். சாக்கைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, ஓரமாக வந்து, எங்களோடு தலை குனிந்து நின்றார். என் பக்கத்தில்தான் நின்றார். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அந்த இரண்டு நிமிடம் முடியவே முடியாது போலிருந்தது.

ஆசிரியர் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்துத் தலையை நிமிர்த்தினார்.

"யார்?" என்று பேராசிரியர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நீங்கள்தான் சார்" என்றேன்.

ஒரு பையன் மயங்கி விழுந்தான். மற்றவர்கள் அவரைத் தொட்டுப் பார்த்தார்கள், சிரித்தார்கள், அழுதார்கள். நானோ மாலை போட்ட தொப்பியை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

நடந்தது இதுதான். பாறையில் நின்றபோது காற்று தொப்பியைப் பிடுங்கியது. அதைப் பிடிக்கக் கையை நீட்டியபோது குடை போய்விட்டது. 'அய்யய்யோ' என்றது அப்போதுதான். பனியில் வந்த வழி தெரியாமல் வேறொரு தடத்தில் ஏறி ரோட்டுக்கு வந்தார். ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. "மேலே போகிறதா?" என்று கேட்டார். "மேலேதான் சாமி" என்றார் டிரைவர். எங்கள் ஊரில் மேலே என்றால் மேல்மலை, பூண்டியும் கிளாவரையும் இருக்கிற பக்கம். பட்டணத்துக்காரருக்கு மேலே என்றால் கொடைக்கானல் ஊர். தூறலுக்காகத் தார்ப்பாய்க்குள் ஏறி உர மூட்டையில் சாய்ந்தவர் தூங்கிவிட்டார். லாரி கொடைக்கானலைத் தாண்டியதே அவருக்குத் தெரியாது. ரோடு முடிகிற இடத்தில் எழுப்பி இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து பொதிக்குதிரைகளுக்குப் பின்னால் நடந்து பூண்டிக்குப் போய்ச் சேர்ந்தார். அன்றைக்குப் பெய்த மழையில் மரம் விழுந்து பாதை அடைத்துக்கொண்டது. போனும் இல்லை, தந்தியும் இல்லை. மூன்றாம் நாள்தான் ரோட்டுக்கு இறங்கி, பூண்டு ஏற்றி வந்த லாரியில் மூட்டை மேல் உட்கார்ந்து திரும்பினார்.

அவரை இறக்கிவிட வந்த டிரைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, ஐயாவுக்கு ஒடம்பு சரியில்லீங்களா? ஊர்க்காரங்க 'என்ன சோலியா வந்தீங்க'ன்னு கேட்டாங்க. 'சேதி பத்திச் சொல்லிக் குடுக்கிறேன்'னாரு. 'என்ன சேதி'ன்னாங்க. 'சேதி ஒண்ணும் இல்ல, சேதின்னா என்னன்னு சொல்வேன்'னாரு. பாவம்னு கஞ்சி ஊத்திப் போர்வை குடுத்து வெச்சிருந்தாங்க. பாத்துக்கங்க."

வெந்நீரில் குளித்து, என் அத்தா கொடுத்தனுப்பிய கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பேராசிரியர் பத்திரிகையைக் கேட்டார். கொடுத்தேன். தன் மரணத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார். பிறகு சிவப்புப் பென்சிலைக் கேட்டார்.

"முதல் வரி நன்றாக இருக்கிறது."

"மன்னிச்சிருங்க சார்."

"எதற்கு? இரண்டு வாய், தொடர்பில்லாதவை. போலீஸைக் கேட்டிருக்கிறாய். விதிப்படிதான் செய்திருக்கிறாய். ஆனால் 'விழுந்தார்' வரைக்கும்தான் அவர்கள் சொன்னது. 'காலமானார்' உன்னுடைய கருத்து." அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். "ஐம்பதுக்கு முப்பத்தெட்டு."

பிறகுதான் அவருக்கு உறைத்தது போலும். "மறுப்பு போட வேண்டும்" என்றார்.

"சார்," என்று ஆசிரியர் அம்மாள் எழுந்தார். "உயிரோடு இருப்பதாகச் சொல்வது நீங்கள். நீங்கள் சம்பந்தப்பட்டவர். நாங்கள் உங்கள் மாணவர்கள். நாங்களும் சேர்த்தியில்லை."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "சரியாகச் சொன்னாய்" என்றார், கண்கள் மின்ன. "சாட்சிகள் எங்கே?"

உடம்பு வலியோடு மறுபடியும் வட்டக்கானலுக்கு நடந்தார். நானும் ஆசிரியர் அம்மாளும் கூடப் போனோம். புல்லுக்கட்டு அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவரா? இவர நான் பாத்ததே இல்லையே. நான் கொடையத்தான பாத்தேன். கொடையக் கொண்டாங்க, ஆமாங்கிறேன்."

தோட்டக்காரர் இன்னும் கண்டிப்பானவர். தொப்பியை வாங்கிப் பேராசிரியர் தலையில் வைத்துப் பார்த்தார். மரத்தில் பனியிலும் தூறலிலும் நனைந்து, பங்களா அடுப்புப் பக்கத்தில் காய்ந்து, தொப்பி சுருங்கியிருந்தது. உச்சியில் கிண்ணம் கவிழ்த்தது மாதிரி நின்றது.

"தலை சேரலையே தம்பி. இது வேற ஆளு. அந்த ஆளு போனவரு போனவருதான்."

"நான்தான் அது" என்றார் பேராசிரியர்.

"சொல்லுவீங்க" என்றார் தோட்டக்காரர், மரியாதை குறையாமல்.

திரும்பி வரும்போது பேராசிரியர் பாதி ஏற்றத்தில் நின்று, "விதியில் தவறு இல்லை" என்றார், யாரும் கேட்காமலே.

மறுநாள் மதியம், கையால் எழுதிய மறுப்போடு பஸ் நிலையத்துக்குப் போனோம். பத்திரிகைக் கட்டு வருகிற நேரத்தில் ஏஜெண்ட் அங்கேதான் இருப்பார். பஸ் வந்து நின்றது. கட்டுகளுக்கு முன்னால் பல்கலைக்கழகத்துப் பியூன் இறங்கினார். கையில் ஒரு பெரிய மலர் வளையம், வழியெல்லாம் வெயிலில் வதங்கி வந்தது. அவருக்குப் பின்னால் பேராசிரியரின் அக்கா இறங்கினார்.

தலைமுடி முழுக்க வெளுத்த, குள்ளமான பெண்மணி. ரயிலிலும் பஸ்ஸிலும் அழுது முகம் வீங்கியிருந்தது. கடைசிப் படியில் காலை வைத்தவர் தம்பியைப் பார்த்தார். கையிலிருந்த பை கீழே விழுந்தது. அந்த இடத்திலேயே, பஸ் டயருக்குப் பக்கத்தில், பை மேல் உட்கார்ந்துவிட்டார்.

பேராசிரியர் போய்க் குனிந்தார். "அக்கா, நான்தான்..."

அவர் இரண்டு கைகளாலும் தம்பியின் கன்னத்தைப் பிடித்தார். முகர்ந்து பார்த்தார். "பூண்டு நாத்தம்" என்றார். பிறகு பளாரென்று ஓர் அறை கொடுத்தார். பிறகு கட்டிக்கொண்டு அழுதார். பஸ்ஸிலிருந்த சுற்றுலாக்காரர்கள் இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பியூன் தர்மசங்கடமாக நின்றார். மலர் வளையத்தை யாரிடமாவது ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி உத்தரவு. சுற்றிலும் பார்த்துவிட்டுப் பேராசிரியரிடமே நீட்டினார். அவரும் வாங்கிக்கொண்டு ரசீதில் கையெழுத்துப் போட்டார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து பத்திரிகையை எடுத்தார். திண்டுக்கல்லில் பஸ் மாறும்போது முந்தின நாள் பேப்பரைக் கேட்டு வாங்கியதாம்.

"இத யாரு எழுதினது?"

ஓடிவிடலாமா என்று தோன்றியது. "நான்தாங்கம்மா" என்றேன்.

என்னைக் கிட்டே கூப்பிட்டார். எனக்கும் ஓர் அறை என்று நினைத்துக் கன்னத்தை இறுக்கிக்கொண்டேன். அவர் விரலை நான்காம் பக்கத்தில் வைத்தார்.

"'அன்னாருக்கு ஒரு தமக்கை உண்டு'ன்னு போட்டிருக்க. அது ஏன் கடைசியில இருக்கு?"

நான் பேராசிரியரைப் பார்த்தேன். அவர் மலர் வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது... தலைகீழ்ப் பிரமிடும்மா. முக்கியமானது முதல்ல வரும். முக்கியம் குறைய..."

"இவனுக்கு ஆறு வயசு இருக்கறச்சே அம்மா போயிட்டா. அதுலேருந்து இவனுக்குச் சாதம் போடறது நான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைத் திருத்துகிற மாதிரிதான் சொன்னார். பேராசிரியர் வளையத்தை என் கையில் கொடுத்துவிட்டு அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டார். ஏற்றம் முழுவதும் இரண்டு அடி பின்னாலேயே நடந்தார்.

அக்கா உடனே ஊருக்குத் திரும்பவில்லை. முகாமில் மிச்சமிருந்த ஒன்பது நாளும் எங்களோடு தங்கினார். சமையலைத் தான் எடுத்துக்கொண்டார். வகுப்பு நடக்கும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்பார். நாங்கள் யாரும் கேட்காத கேள்விகளைக் கேட்பார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து தப்பாச் சொன்னா?"

"அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு அக்கா."

"அன்னைக்கு நடந்ததே."

"அது விதிவிலக்கு."

"அப்ப நான் அந்த விதிவிலக்குக்குத்தான் ரயில்ல அழுதுண்டு வந்தேனா?"

பேராசிரியர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்புவார். பிறகு "அடுத்த கோட்பாடு" என்பார். ஆசிரியர் அம்மாள்கூட மெல்ல மெல்லக் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு அக்கா பக்கம் திரும்பி உட்கார ஆரம்பித்தார். என் அத்தா ஒருநாள் அக்காவுக்கென்று ஒரு சாம்பல் நிறச் சால்வையோடு வந்து, வகுப்பு முடியும்வரை வாசலில் நின்று கேட்டார். போகும்போது, "அந்த அம்மா சொல்லிக் குடுக்கிறது நல்லா வெளங்குதுப்பா. அவங்கதான் புரொபசரா?" என்றார்.

மறுப்பு வர ஒரு மாதம் ஆனது. ஆசிரியர் அம்மாள் கடைசியில் ஊர் டாக்டரையும் தபால் அதிகாரியையும் இரண்டு வாய்களாகப் பிடித்து, பேராசிரியர் உயிரோடு இருப்பதாக எழுதி வாங்கி அனுப்பினார். ஒரு நாள் ஐந்தாம் பக்கத்தில், சந்தை விலைக்குக் கீழே, மூன்று வரி வந்தது: வட்டக்கானலில் காலமான பேராசிரியரின் பெயரில் தலைப்பெழுத்து தவறாக அச்சாகிவிட்டது, வருந்துகிறோம் என்று. அதைப் படித்த நாலு பேர் புதிதாக இரங்கல் கடிதம் எழுதினார்கள்.

பல்கலைக்கழகத்தில் நிலைமை இன்னும் மோசம். இரங்கல் தீர்மானம் போட்டு அரை நாள் விடுமுறையும் விட்டுவிட்டார்கள். தீர்மானத்தைத் திரும்பப் பெற விதி இல்லை. மலர் வளைய ரசீதிலேயே தன் கையெழுத்து இருக்கிறதே, தான் உயிரோடு இருப்பதற்கு அது சாட்சி இல்லையா என்று பேராசிரியர் எழுதிக் கேட்டார். வளையத்தைப் பெற்றுக்கொண்டவர் காலமானவரே என்பதால் ரசீது செல்லாது, தகுந்த வேறொருவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பவும் என்று பதில் வந்தது. அக்காதான் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அதற்குப் பிறகும் பேராசிரியர் அங்கே பல வருடம் பாடம் நடத்தினார். தாழ்வாரத்தில் புதிதாக வருகிற சிலர் அவரைக் கண்டால் சற்று ஒதுங்கிப் போவார்கள். அதை அவர் மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

படிப்பாண்டு முடிவில் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு பழைய பத்திரிகைக்காரர், கனமான கண்ணாடி போட்டவர். பேராசிரியர் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "அச்சில் வந்தது ஏதாவது உண்டா?" என்று தேர்வாளர் கேட்டார். என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான். எடுத்துக் கொடுத்தேன்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். மெதுவாகத் தலையைத் திருப்பிப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

"நீங்கள்..."

"ஆமாம்" என்றார் பேராசிரியர்.

"இந்தப் பையன் எழுதியது தப்பு இல்லையா?"

பேராசிரியர் யோசித்தார். மேஜை மேல் விரலால் ஏதோ கோலம் போட்டார். மூன்று வருடம் வெளிநாட்டில் இருந்து கொண்டு வந்ததெல்லாம் அந்த விரல் நுனியில் வந்து நின்றது போலிருந்தது.

"தப்புதான்" என்றார். "வீட்டில் கேட்டிருக்க வேண்டும். என் அக்கா ஒருவரைக் கேட்டிருந்தாலும் போதும்."

தேர்வாளர் என்னைப் பார்த்து வேறு ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று நினைவில்லை. ஏதோ பதில் சொன்னேன். இரண்டாம் வகுப்பில் தேறினேன். ஆசிரியர் அம்மாளுக்கு வழக்கம்போல முதல் இடம். அந்த வருட ஆடி மழையில் மதுரைக்குப் பஸ் ஏறி, பிழை திருத்துகிறவனாக ஒரு பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தேன்.